புலிக்கு ஒன்ஸ்மோர்

எங்கள் நாடகக் கம்பெனி திருச்சியில் கொட்டகை போட்டிருந்த 1936இல் படுதாவில் சீன் எழுதியவர் குத்புதீன் பாய். நான் ஆர்மோனியக்காரன். சங்கீதத்தைத் தவிர வேறெதையும் லேசில் மதிக்காதவன். ஆனாலும் பாய் எழுதிய காட்டுப் படுதாவைப் பார்த்து வாயைப் பிளந்தேன். மூன்று மாத உழைப்பு. நடுவில் ஒரு புலி. இந்த ஊரில் பட்டை தீட்டுகிறார்களே பொய் வைரம், அதில் இரண்டைப் புலியின் கண்ணாகப் பதித்துவிட்டார் மனுஷர். கியாஸ் விளக்கில் அது முறைத்தது.

வந்தது வினை. காட்டில் பிள்ளையைத் தொலைத்த தாயாக வள்ளிக்கண்ணு உருகிப் பாடுவாள். பின்னால் படுதா இறங்கியதும் ஜனம் புலியைப் பார்த்து, "ஒன்ஸ்மோர்!" என்று கத்தும். படுதாவைச் சுருட்டி மறுபடி இறக்க வேண்டும். அவள் பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு நிற்பாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் பெட்டியைத் தூக்கி எறியலாம் போலிருக்கும்!

நாலாம் நாள் முதலாளி வீரமலை எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டார்: "வள்ளிக்கண்ணு பாட்டு எடுபடலை. நாளைக்கும் இப்படின்னா வேஷத்தை அந்தச் சின்னப் பொண்ணு அமலராணிக்குக் கொடுத்துடுவேன்."

முப்பத்தெட்டு வயதில் வேஷம் போனால் வள்ளிக்கண்ணுவை எந்தக் கம்பெனி கூப்பிடும்? பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் படுதா இறங்கியது. காடும் இல்லை, புலியும் இல்லை; சாயம் ஊறிய வெறும் துணி. பாய் அதைத் திருப்பிக் கட்டியிருந்தார்.

"யோவ், புலி எங்கேய்யா?" என்று ஒரே கூச்சல். வள்ளிக்கண்ணு பாடினாள். பார்க்க வேறொன்றும் இல்லாததால் ஜனம் அவளைப் பார்த்தது. இரண்டாவது அடியில் கூச்சல் அடங்கியது. பாட்டு முடிந்தபோது பெண்கள் பக்கம் மூக்கைச் சிந்தும் சத்தம்தான் கேட்டது.

"இனிமே எந்த ஊர்லயும் இப்படியே கட்டுங்க பாய்" என்றார் முதலாளி.

"சரிங்க" என்றார் பாய். பாவம், மூன்று மாத உழைப்பு!

அவருக்கு நன்றி சொல்ல வள்ளிக்கண்ணு படுதாவுக்குப் பின்னால் வந்தாள். வந்தவள் புலியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை நாளும் அதற்கு முதுகைக் காட்டியே பாடியவள் அல்லவா!

"இதையா பாய் திருப்பிக் கட்டினீங்க?" என்றாள். "ஜனத்துல ஒருத்தியா இருந்தா நானும் புலியைத்தான் பாத்திருப்பேன்."