அளக்க வரும் நாளில் நிறையும் கிணறு

யாராவது வீட்டுக்கு வருகிறார்கள் என்றால், என் அத்தை பாயின் கிழிசல் தெரியாதபடி திருப்பிப் போடுவாள். கிணற்றையும் அப்படித்தான் வைத்துக்கொண்டாள்.

நீர்மட்டம் பார்க்க எங்கள் ஊரில் அரசாங்கம் தேர்ந்தெடுத்த ஒரே கிணறு அவளுடையது. கோடையிலும் மழைக்குப் பிறகும் அளவுக்காரர் நாடாவோடு வருவார். தகவல் வந்ததுமே அத்தை மோட்டாரை நிறுத்திவிடுவாள். மிளகாய்ச் செடி தலை தொங்கினாலும் சரி.

"நாலு பேர் எட்டிப் பாக்கற கிணறு. வத்திக் கெடந்தா அசிங்கம் யாருக்கு?"

அடியில் ஊறிய தண்ணீர் மெல்ல ஏறி நிற்கும். அதை அளந்து எழுதிக்கொண்டு போவார்கள்.

போன மாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள்: கிணற்றில் எடுத்த அளவுகளின்படி இப்பகுதியில் நிலத்தடி நீர் போதுமானது, எனவே அத்தையின் வரப்பை ஒட்டி ஒரு பாட்டில் தண்ணீர்க் கம்பெனி ஆழ்துளைக் கிணறுகள் போடலாம், ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கவும். போட்டால் அத்தையின் கிணறு அதோடு முடிந்தது.

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். அந்தத் திமிரோடுதான் நிலத்தடி நீர் அலுவலகப் படி ஏறினேன். சுவரில் 'துளி நீரும் உயிர் நீர்' என்று படம். அதன் கீழே அதிகாரியின் மேசையில் அதே கம்பெனியின் பாட்டில்கள். அத்தை மோட்டாரை நிறுத்திவைத்த நாளில் எடுத்த அளவு அது என்றேன்.

"மோட்டார் ஓடாம இருக்கும்போதுதான் தம்பி அளக்கணும். அதான் விதி," என்றார் அதிகாரி.

"அப்ப மத்த நாள் எல்லாம்?"

"மத்த நாள யாரு அளக்கச் சொன்னா?"

மானத்துக்குப் பயந்து ஒருத்தி தன் பயிரைக் காயவிட்டிருக்கிறாள். இவர்கள் அதையே கம்பெனிக்குச் சான்றாக்கியிருக்கிறார்கள்.

அத்தையிடம் சொன்னேன்.

"அப்ப அந்தக் கம்பெனிக்காரனுக்கு எடத்தக் காட்டினதே நான்தானா?"

"நீ இல்ல அத்தை. நீ மோட்டார நிறுத்தறது தெரிஞ்சும் அளந்துக்கிட்டுப் போனாங்களே, அவங்க."

மறுபடி அளவுக்காரர் வந்த காலையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கிணற்றடியில் சேறு.

"என்னம்மா இது? நிறுத்துங்க, நாளைக்கு வரேன்."

"வாங்க. நாளைக்கும் ஓடும். பயிருக்குப் பாயற கிணறு சார், வேடிக்கைக்கு வெட்டினது இல்ல."

அவர் நாடாவைச் சுருட்டி, 'அளக்க இயலவில்லை' என்று எழுதினார்.

"அளக்கவே முடியலன்னா, போதுமான தண்ணி இருக்குன்னு எத வெச்சு சொல்லுவீங்க?" என்றாள் அத்தை.

அவர் ஜீப்பில் ஏறினார். அந்தக் கேள்வியை ஒரு சொல்லும் மாற்றாமல் ஆட்சேப மனுவாக எழுதினேன். கையெழுத்து அத்தையுடையது.