நெற்றிவரை வந்த தம்பி

உலகத்தைக் காட்டுகிறோம் என்று வாசலில் பலகை மாட்டிவிட்டு, அந்த உலகம் வந்து சேரும்வரை வாடிக்கையாளருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பதுதான் இன்டர்நெட் கடைத் தொழில். இணையம் பிடிக்கும் டொங்கிளை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, அதன் பச்சை விளக்குக்காக ஏங்கியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் பட்டுத்தான் இருப்பீர்கள்.

சண்டை முடிந்து சனம் திரும்பி வந்துகொண்டிருந்த காலம் அது. நான் தமிழ்நாட்டு முகாமொன்றில் வளர்ந்து மன்னாருக்கு வந்தவள். என் கூட்டாளி நஸீமா புத்தளத்தில் வளர்ந்து, மன்னாருக்குப் பக்கத்துத் தாராபுரத்துக்குத் திரும்பியவள். கணினி வகுப்பில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தோம். இருவருக்கும் சொந்த ஊரே புதிது. வேலையும் இல்லை, வாய் மட்டும் நிறைய இருந்தது. உப்புக்குளத்தில் ஒரு அறை எடுத்துக் கடை போட்டோம்.

நெற்றி

எங்கள் முதல் வாடிக்கையாளர் ஜெசிந்தா அக்கா. கருவாடு போடுகிறவர். குடும்பத்தோடு வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போனபோது அவருடைய தம்பி அன்ரன் வன்னியில் மாமா வீட்டில் நின்றிருக்கிறான். பிறகு ஒரு தகவலும் இல்லை. அவன் இல்லை என்றே முடிவு கட்டி, அவன் ஆன்மாவுக்காக வருடாவருடம் பூசையும் கொடுத்து வந்தார். ஊர் திரும்பிய பிறகு பிரான்ஸிலிருந்து ஒரு அழைப்பு. "அக்கா, நான் அன்ரன்" என்றது குரல். பள்ளிக்கூடப் பொடியனாக விட்டுப் போனவனின் குரலா இது என்று அக்காவுக்குச் சந்தேகம். போனில் யாரும் எந்தப் பெயரிலும் பேசலாம். முகத்தைக் கண்டால்தான் நம்புவேன் என்று நின்றார்.

அன்ரன் தன் படத்தை, இலவசமாகப் படங்கள் போடும் ஒரு தளத்தில் போட்டான். அக்கா ஞாயிறு பூசை முடிந்த கையோடு வந்து கதிரையில் உட்கார்ந்தார். பக்கத்தைத் திறந்தால் முதலில் விளம்பரங்கள் வந்தன. ஒன்று மின்னியது, ஒன்று துள்ளியது, ஒன்று பாடியது. இத்தனையும் வந்து சேர்ந்த பிறகு, இருந்த கொஞ்ச வேகத்தில், கிட்ட நின்று எடுத்த அந்தப் படம் மேலிருந்து கீழே மெதுவாக இறங்கத் தொடங்கியது. புருவம் வருவதற்குள் லைன் போய்விட்டது. எனக்கு அழுகையே வந்தது. அக்கா முந்தானையை உதறிக்கொண்டு எழும்பினார்: "நெத்தி எங்கட அப்பாவின்ர நெத்தி மாதிரித்தான் கிடக்கு, பிள்ளை. மிச்சத்தை வாற ஞாயிறு பாப்பம்."

சம்மாட்டியாரின் கார்

நஸீமாவுக்கு ரோசம் வந்துவிட்டது. தேடித் தேடி ஒரு புரோகிராமைப் பிடித்தாள். அது எங்கள் கணினிக்கும் இணையத்துக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். ஒரு பக்கம் வரும்போது, நாங்கள் எழுதிவைத்த விதிகளைப் பார்த்து, விளம்பரம், குதித்து வரும் பெட்டி எல்லாவற்றையும் பிடித்து நிறுத்திவிட்டு, மிச்சத்தை மட்டும் உள்ளே விடும். நாங்கள் அதற்கு வைத்த பெயர் வடி. தேத்தண்ணி வடிகட்டும் வடியைப் போலத்தான்: சாயம் இறங்கும், தூள் தங்கும்.

எங்கள் வாடிக்கையாளர்களில் ஒரு சம்மாட்டியார் இருந்தார். கடற்கரையில் நாலைந்து படகுக்குச் சொந்தக்காரர். மகனுக்கு மெயில் அனுப்ப வருவார். அவர் வரும்போதெல்லாம் திரையில் ஒரு பெட்டி குதிக்கும்: நீங்கள்தான் அதிர்ஷ்டசாலி, ஒரு கார் வென்றிருக்கிறீர்கள். அவரும் அதை நம்பிக்கொண்டு, கார் நிறுத்த வீட்டு வளவில் இடம்கூடப் பார்த்து வைத்துவிட்டார். வடி வந்த கிழமை பெட்டி வரவில்லை. மனிதர் கதிரையை விட்டெழுந்து, வாசலில் நின்ற கழுதையையும் சேர்த்து எல்லோரிடமும் முறையிட்டார்: "நான் வெண்ட காரை இந்தப் பிள்ளையள் வடியில போட்டு வடிச்சுப்போட்டாளவை!"

வேலை போன பெண்

சிங்கராயர் மாஸ்டர் ஓய்வு பெற்ற ஆசிரியர். தினமும் காலையில் செய்தி படிக்க வருவார். அதிகம் பேசமாட்டார். அவர் படிக்கும் பக்கத்தின் ஓரத்தில், பல்துலக்கும் பசை ஒன்றைக் கையில் பிடித்தபடி ஒரு பெண் ஓயாமல் சிரித்துக்கொண்டிருப்பாள். வடி அவளையும் தூக்கி எறிந்துவிட்டது.

மாஸ்டர் இரண்டு நாள் பக்கத்தின் ஓரத்தைத் தேடித் தேடிப் படித்தார். மூன்றாம் நாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அக்கம்பக்கம் பார்த்து, தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்டார்: "ஏன் பிள்ளை, அந்தப் பொம்பிளையை வேலையால நிப்பாட்டிப்போட்டாங்களோ?"

யாரை ஏசுவது?

இப்படி ஊரெல்லாம் பேசப்பட்ட எங்கள் வடிக்கும் கெட்ட காலம் வந்தது. அதைச் செய்த மனிதர் எப்போதோ போதும் என்று கைகழுவிவிட்டாராம். உள்ளே எப்படிச் செய்தார் என்பதையும் ஒருவருக்கும் காட்டவில்லை. ஆகவே திருத்த ஆளில்லை. நாங்கள் புதிதாக எடுத்த கணினியில் அது அடிக்கடி விறைத்து நின்றது. அன்ரனின் படம் கண்ணைத் தாண்டி மூக்குவரை வந்த ஞாயிறும் விறைத்தது. மூக்கு வீங்கினாற்போல் தெரிகிறதே, எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இப்படி இல்லையே என்று அக்காவின் முகம் வாடிப்போனது. அது லைன் சரியில்லாமல் இழுபட்டுத் தெரிகிற மூக்கு என்று நான் சொல்லியும் அவர் கேட்கவில்லை. எனக்கு அந்தக் கணினியைத் தூக்கிக் கடலில் போடலாம் போலிருந்தது.

நஸீமா மறுபடியும் தேடினாள். எங்கெங்கோ இருக்கும் சிலர், ஒருவரை ஒருவர் நேரில் கண்டிராதவர்கள், அதே வேலையைச் செய்யும் புது வடி ஒன்றை அடியிலிருந்து எழுதியிருந்தார்கள். பழைய வடிக்கு நாங்கள் எழுதிய விதிகளை அது அப்படியே ஏற்றுக்கொண்டது. உள்ளே இருப்பதையெல்லாம் மறைக்காமல் திறந்தும் வைத்திருந்தார்கள். யாரும் எடுக்கலாம், பார்க்கலாம், திருத்தலாம். நாங்கள் சந்தோசத்தில் கடைக்கு வந்த எல்லோருக்கும் இதை விளக்கினோம். சம்மாட்டியார் மட்டும் தலையை ஆட்டவில்லை. கார் போன கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. "ஒராள் செய்தா அவனை ஏசலாம். ஊர் முழுக்கச் சேந்து செய்தா, பிழைச்சா ஆரைப் பிள்ளை ஏசிறது?"

முதல்நன்மைப் படம்

புது வடி போட்ட கிழமை அன்ரனின் மகளுக்கு, தேவாலயத்தில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல்நன்மை நடந்தது. குடும்பம் முழுவதும் வரிசையாக நின்று எடுத்த படத்தை, லைனுக்குப் பாரமில்லாமல், மேலும் கீழும் வெட்டி நீளமாகப் போட்டிருக்கிறேன் என்று தொலைபேசியில் சொல்லியிருந்தான். இம்முறையும் முகம் தெரியாவிட்டால் இனி இந்தக் கடைப்பக்கம் வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டுதான் அடுத்த ஞாயிறு அக்கா வந்தார். கலியாணக் கூறைச்சேலை கட்டி, மகள்மாரையும் கூட்டி வந்திருந்தார். சம்மாட்டியாரும் மாஸ்டரும் தங்கள் திரைகளை விட்டுவிட்டு இந்தத் திரையைப் பார்த்தார்கள்.

பக்கம் சட்டென்று திறந்தது. எழுத்து வந்தது, அன்ரனின் பெயர் வந்தது, படம் இருக்கவேண்டிய இடம் வெறும் வெள்ளையாகக் கிடந்தது. மறுபடி திறந்தோம். மறுபடியும் வெள்ளை. அக்கா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "படத்தை எடுத்திட்டானோ? அப்ப அவன் அவனில்லையோ?" என்று மெல்லக் கேட்டார். நான் ஜன்னலுக்கு ஓடி டொங்கிளைத் திருப்பிக் கட்டினேன்.

நஸீமாதான் முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். "அல்லாஹ்வே, ரீட்டா! நாமதான் எழுதினோம்!" உண்மைதான். அகலம் கூடி உயரம் குறைந்த படம் வந்தால் அது விளம்பரப் பட்டை, எறிந்துவிடு என்று வடிக்கு விதி எழுதியது நாங்கள்தான். வெள்ளைச் சட்டை போட்ட மகளோடும் மாமன் மச்சானோடும் வரிசையில் நின்ற அன்ரனை, வடி ஏதோ சவர்க்கார விளம்பரம் என்று நினைத்து எறிந்திருந்தது. நஸீமா விதியைத் திறந்து, வேறெங்கிருந்தோ வரும் நீளப் படங்களை மட்டும் எறி, அந்தப் பக்கத்துக்கே சொந்தமானதை விட்டுவிடு என்று மாற்றி எழுதினாள்.

படம் ஒரே தடவையில் முழுசாக வந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்க, நடுவில் ஒரு மொட்டைத் தலைக்காரர் மட்டும் இரண்டு கன்னத்தையும் ஊதி, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். "அன்ரன்!" என்று அக்கா கத்திய கத்தில் வாசலில் நின்ற கழுதை ஓடிவிட்டது. "படம் எடுக்கேக்க மூச்சு விட்டா ஆடிப்போகுமெண்டு சின்னனில இருந்து இப்பிடித்தான் நிப்பான். அவன்தான்! என்ர தம்பிதான்!" திரையைத் தடவித் தடவி அழுதார், சிரித்தார், பிறகு மாஸ்டருக்கும் சம்மாட்டியாருக்கும் ஒவ்வொரு தலையாகக் காட்டினார். நாங்களும் அழுதோம். அதற்குள் ஒரு மகள் பிரான்ஸுக்கு அழைத்துத் தாயின் காதில் போனை வைத்துவிட்டாள். அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு, கடை அதிரச் சொன்னார்: "டேய், நான் இவ்வளவு நாளும் நெத்தியெண்டு பாத்தது உன்ர மொட்டையையோடா? சரி, மொட்டை வந்து சேந்திட்டுது. இனி நீ வா!"

நஸீமா திருத்திய அந்த விதியைப் புது வடிக்காரர்களுக்கு அனுப்ப, அவர்களும் அதை எல்லோருக்குமாகச் சேர்த்துக்கொண்டார்கள் என்பதால், உலகத்தின் எந்த மூலையிலாவது அந்த வடியை வைத்திருப்பவர் ஒரு நீளமான குடும்பப் படத்தை முழுசாகப் பார்த்தால், அது ஜெசிந்தா அக்காவின் தம்பி மூச்சை அடக்கிக்கொண்டு நின்ற புண்ணியம் என்று அறியவும்.