மெஷினுக்கு அடியில் மாப்பிள்ளை

பீப்... பீப்... பீப்...

சமையலறையிலிருந்து வந்த அந்தச் சத்தத்தில், சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் கை அப்படியே நின்றது. பின்னாலேயே மாமனாரின் குரலும் வந்தது.

"மாப்பிள்ளை! பாத்திரம் கழுவுற மெஷின் அழுவுது, என்னன்னு பாருங்க!"

கட்டில் ஓரத்தில் தலை பின்னிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "போகாதீங்க. பதினோரு மணிக்குள்ள போய்க் கையெழுத்துப் போடலேன்னா அந்தம்மா வீட்டை வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க."

"அஞ்சே நிமிஷம்."

"இருபத்திரண்டு வருஷமா உங்க அஞ்சு நிமிஷத்தைத்தானே பார்த்துட்டு இருக்கேன்!"

அவள் சொன்னதில் பொய்யில்லை. கல்யாணமான புதிதில், 'ரெண்டு மாசம் எங்களோட இருந்துட்டுப் போங்க' என்று மாமனார் ஆசையாகக் கேட்டார். அந்த இரண்டு மாதம் இன்னும் முடிந்தபாடில்லை. மாப்பிள்ளைக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. நடுமாடியில் சிக்கித் தவித்த எத்தனையோ பேரைக் கதவை நெம்பி வெளியே விட்டவர். ஆனால் இந்த வீட்டிலிருந்து தன்னை வெளியே எடுக்கத்தான் அவருக்குக் கை வரவில்லை. கதவு கிறீச்சிட்டால் மாப்பிள்ளை, குழாய் ஒழுகினால் மாப்பிள்ளை. கீழ்வீட்டுக்காரர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் வேலை அடையாள அட்டையில் மட்டும் பத்திரமாக இருந்தது.

நாலு தெரு தள்ளி ஒரு மாடி வீடு. இரண்டே அறை. நேற்றுதான் புருஷனும் பெண்டாட்டியும் பார்த்துவிட்டுச் சரி என்று வந்திருந்தார்கள். மாமனாரிடம் சொல்லவில்லை. சாவி கைக்கு வந்துவிட்டால் வாய் தானாகத் திறந்துவிடும் என்று மாப்பிள்ளை நம்பினார்.

மெஷினின் முகப்பில் சொட்டு வடிவத்தில் ஒரு சிவப்பு விளக்கு மின்னியது. உள்ளே பம்ப் ஓயாமல் உறுமியது. பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயை மூடி, மெஷினை முன்னால் இழுத்தார். அடித்தகட்டின் இரண்டு திருகுகளையும் கழற்றிவிட்டு, டார்ச்சும் கையுமாகத் தரையில் குப்புறப் படுத்தார்.

அடித்தட்டில் இரண்டு விரற்கடை தண்ணீர். அதன்மேல் ஒரு தெர்மோகோல் துண்டு மிதந்து எழும்பி, சுவிட்சை முட்டிக்கொண்டிருந்தது. தட்டு காய்ந்து அது கீழே இறங்கினால்தான் மெஷின் மறுபடி ஓடும். ஆனால் தண்ணீர் எங்கிருந்து வந்தது? தண்ணீர் வரும் ஹோஸ் குழாய் காய்ந்து கிடந்தது. அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப் இறுக்கமாகவே இருந்தது. கதவு ரப்பரின் மூலையில் மட்டும் வெள்ளையாக ஏதோ வழிந்திருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தார். எலுமிச்சை வாசனை.

"மாமா, இதுல என்ன ஊத்துனீங்க?"

"சிங்க்ல இருக்கிற சோப்புதான். நீங்க போடுற சோப்பு மாத்திரை நுரையே வரமாட்டேங்குதே! நுரைக்காம அழுக்கு எப்படிப் போகும்? தாராளமா ஒரு கரண்டி விட்டேன்."

"மெஷின் அவ்வளவு நுரை தாங்காது மாமா. கக்கிடுச்சு."

"கக்கட்டுமே. அதான் நீங்க இருக்கீங்களே!"

மாப்பிள்ளை பஞ்சை உள்ளே விட்டு ஒற்றி ஒற்றி வாளியில் பிழிந்தார். மனைவி வந்து குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "மணி பத்தே முக்கால். இப்பவாவது அப்பாகிட்ட சொல்லுங்க."

"இது முடியட்டும்."

முடிவதற்குள் அழைப்பு மணி அடித்தது. மாமனார் போய்க் கதவைத் திறந்தார்.

"லிஃப்ட்காரர் வீடு இதுதானே?" ஒரு பெண் குரல்.

"இது என் வீடு. அவர் எங்க வீட்டு மாப்பிள்ளை."

"மணி பதினொண்ணு தாண்டிடுச்சு, ஆளைக் காணோமேன்னு நானே வந்துட்டேன். வாடகைப் பத்திரமும் மாடி வீட்டுச் சாவியும் கையோட இருக்கு. ஒரு கையெழுத்துப் போட்டா இப்பவே கொடுத்துடுவேன். இன்னொருத்தர் வேற காத்துட்டு இருக்கார்."

மெஷினுக்கு அடியில் மாப்பிள்ளையின் கையிலிருந்து பஞ்சு நழுவித் தரையில் விழுந்தது. இருபத்திரண்டு வருஷத்து விடுதலை தானாகப் படியேறி வந்து வாசலில் நிற்கிறது. எழுந்து பத்தடி நடந்தால் போதும்.

மாமனாரின் செருப்புகள் மெல்ல வந்து அவர் முகத்தருகே நின்றன.

"வீடு பார்த்திருக்கீங்களாமே மாப்பிள்ளை."

குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் மாப்பிள்ளைக்கும் கோபம் வந்திருக்கும், பேசியிருப்பார்.

"போறதுன்னா போங்க. தடுக்க நான் யாரு? இதை மட்டும் ஓட வெச்சுட்டுப் போங்க. அதுக்கப்புறம் நான் யாரைக் கூப்பிடுவேன், சொல்லுங்க?" என்ற கிழவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து பஞ்சை எடுக்கப் போனார். கால் மடங்கவில்லை.

மாப்பிள்ளை எழுந்தார். சட்டை முழுக்க நுரை. கூடத்தில் மனைவி பேனாவின் மூடியைத் திறந்து நீட்டியபடி நின்றாள். அந்தக் கண்களைப் பார்க்கும் தெம்பு அவருக்கு இல்லை. வந்தவளின் கையிலிருந்த சாவியைப் பார்த்தே பேசினார்.

"மன்னிச்சுக்குங்கம்மா. அந்த இன்னொருத்தருக்கே கொடுத்துடுங்க."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" அந்தப் பெண்மணி மனைவியைப் பார்த்தாள். மனைவி பேனாவை மூடினாள். அது மூடிய சத்தம்தான் அவள் சொன்ன பதில்.

சாவி கைப்பைக்குள் போனது. மாமனார் வாசல்வரை போய் வழியனுப்பினார். "படியில பார்த்து இறங்குங்கம்மா" என்றார், அவ்வளவு கனிவாக. பிறகு கதவைச் சாத்தி, பகலில் ஒருநாளும் போடாத தாழ்ப்பாளையும் போட்டார்.