சின்ன மாமா கடை அடாப்டர்

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. சொந்தக்காரர் கடை வைத்திருந்தால் அந்தச் சாமானை வேறெங்கும் வாங்கக் கூடாது. துணிக்கு ஒருவர், மருந்துக்கு ஒருவர் என்று ஆள் இருக்கிறார்கள். கம்ப்யூட்டருக்கு என் மாமனாரின் தம்பி. எனக்குச் சின்ன மாமா. அவர் கடை கடலூரில், நாங்கள் இருப்பது சிதம்பரத்தில். தெருமுனையில் இருக்கும் கம்ப்யூட்டர் கடையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே நான் கடலூருக்குப் பஸ் ஏற வேண்டும். மானம் மரியாதை என்று இதற்குப் பெயர் வேறு.

வெளிநாட்டில் இருக்கும் தமிழ்க் குழந்தைகளுக்கு ஆன்லைனில் கணக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. ஒரு நாள் லேப்டாப்பின் போர்டு செத்துப்போனது. வீட்டில் கிடந்த பழைய டெஸ்க்டாப்பைத் தூசி தட்டி உட்கார்ந்தேன். அதில் வைஃபை கிடையாது. மோடம் ஹாலில், நான் பின்னறையில். ஒயர் இழுத்தால் மாமியார் தடுக்கி விழுவாராம். ஹாலில் உட்காரலாம் என்றால் மாமனாருக்கு டிவி ஓட வேண்டும். சின்ன மாமா கடையிலிருந்து, யு.எஸ்.பி.யில் செருகும் ஒரு வைஃபை குச்சி வந்தது. பாதி வகுப்பில் சூடாகி வாயை மூடிக்கொள்ளும். இன்னொரு முறை வகுப்பு அறுந்தால் என்னிடம் படிக்கும் பிள்ளைகளை வேறு டீச்சரிடம் மாற்றிவிடுவோம் என்று வகுப்பு நடத்தும் நிறுவனத்தில் சொல்லிவிட்டார்கள். எனக்கென்று இருந்தது அந்த வேலை ஒன்றுதான்.

செத்த லேப்டாப்புக்குள் வைஃபை கார்டு மட்டும் நன்றாக இருந்தது. அதைக் கழற்றி டெஸ்க்டாப்பில் போடலாம், நடுவில் ஒரு அடாப்டர் வேண்டும் என்று படித்துத் தெரிந்துகொண்டேன். அடாப்டரில் இரண்டு வகை. ஒன்று ஃபைல்களைச் சேமித்துவைக்கும் எஸ்.எஸ்.டி. போடுவதற்கு, இன்னொன்று வைஃபை கார்டுக்கு. பார்க்க அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். ஆனால் செருகும் இடத்தில் இருக்கும் வெட்டு வேறு, ஒன்றில் நுழைவது மற்றதில் நுழையாது. கார்டிலும் ஒரு வில்லங்கம். சில லேப்டாப் கார்டுகள் பாதி வேலையை லேப்டாப் போர்டிடமே விட்டுவைத்திருக்கும், அவற்றை எந்த அடாப்டரில் போட்டாலும் உயிர் வராது. என்னுடையது அந்த வகையா என்று மாடல் எண்ணைத் தேடிப் பார்த்தேன். இல்லை. கணக்கு டீச்சர் நான், சரிபார்க்காமல் விடமாட்டேன். கார்டைப் பஞ்சில் பொதிந்து எடுத்துக்கொண்டு கடலூர் போனேன்.

"அவன் வரலியாம்மா?" என்றார் சின்ன மாமா.

"அவருக்கு சிப்காட்ல ஷிப்டு மாமா. எனக்குத்தான் சாமான் வேணும்."

ஃபேனுக்குக் கீழே உட்காரவைத்து ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். நான் என்ன கேட்கிறேன் என்று மட்டும் கேட்கவில்லை. ஒரு டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது எஸ்.எஸ்.டி. போடுறது மாமா. எனக்கு வைஃபை கார்டு போடுறது வேணும். ஆன்டெனாவோட வரும்."

"எல்லாம் ஒண்ணுதாம்மா. நெட்டுல ஜாஸ்தி படிச்சுக் கொழப்பிக்காத. கார்டக் குடு."

கொடுத்தேன். டப்பாவைப் பிரித்து அடாப்டரில் வைத்தார், நுழையவில்லை. திருப்பி வைத்தார், நுழையவில்லை. கட்டைவிரலை வைத்து அமுக்கினார். கறக் என்று ஒரு சத்தம். என் வேலையே அந்த விரலுக்கடியில் நொறுங்குவதுபோல இருந்தது. யோசிக்கவே இல்லை, வெடுக்கென்று பிடுங்கிவிட்டேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. அந்த டப்பாவையே பையில் போட்டு என் கையில் திணித்தார். சொந்தக்காரர் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லும் வழக்கமும் எங்கள் வீட்டில் கிடையாது. வாங்கிக்கொண்டு வந்தேன்.

நான் வந்து சேர்வதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது. ஷிப்டு முடிந்து வந்த என் கணவர் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார். "சித்தப்பா கையிலேருந்து புடுங்குனியாமே?"

"ஒடைக்கப் பாத்தாருங்க."

"அதுக்காக? பெரியவரு கையிலேருந்தா?"

மாமியார் இரண்டு வேளை பேசவில்லை. மாமனார் டிவி சத்தத்தைக் கூட்டினார். கார்டு உடைந்ததா, அடாப்டர் சேர்ந்ததா, வகுப்புக்கு என்ன செய்யப்போகிறாய் என்று ஒருவர், ஒரே ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் தெருமுனைக் கடைக்கே போனேன். என்ன வேண்டும் என்று கேட்டார்கள், சொன்னேன், எடுத்துக் கொடுத்தார்கள். உலகத்தில் இவ்வளவுதான் வேலை. ஆனால் வரும் வழியில் பில்லைக் கிழித்துப் போட்டு, டப்பாவைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைந்தேன். சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சாமானைத் திருட்டுப் பொருள்போல மறைத்ததை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. அடாப்டரில் கார்டு அலுங்காமல் உட்கார்ந்தது. அன்று மாலை வகுப்பு அறுபடவில்லை, அதன்பிறகும் அறுபடவில்லை. பிள்ளைகள் என்னிடமே இருந்தார்கள்.

போன மாதம் குமராட்சியில் ஒரு காதுகுத்து. பந்தியில் எதிர் வரிசையில் சின்ன மாமா. பக்கத்து இலைக்காரரிடம் என்னைக் காட்டிப் பெருமையாகச் சொன்னார். "நம்ம மருமவ. ஃபாரின் புள்ளைங்களுக்குக் கிளாஸ் எடுக்குது. எல்லாம் நம்ம கடை அடாப்டருதான். இல்லியாடா?"

கடைசிக் கேள்வி என் கணவரிடம். ஆன்டெனாவைத் திருகி மாட்டித் தந்ததே அவர்தான். எந்தக் கடைச் சாமான் என்று அவரிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

"ஆமா சித்தப்பா," என்றார்.

கார்டைப் பிடுங்கியபோதுகூட அவ்வளவு கோபம் எனக்கு வரவில்லை.

"இல்ல மாமா," என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "நீங்க குடுத்தது அப்படியே பீரோவுல இருக்கு. எடுத்துட்டுப் போங்க. இப்ப ஓடுறது நான் எங்க ஊரு கடையில வாங்குனது."

வரிசை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. என் கணவர் தலையைத் தூக்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். மோர் கொண்டுவந்தவர் என் இலைக்கு முன்னால் தயங்கி நின்றார். ஊற்றச் சொன்னேன். சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.