இறக்கை இழுத்த வாத்து

சைதாப்பேட்டையில் ஆற்றோரம் இருந்த எங்கள் வீடுகளை இடிப்பதற்கு முன் அதிகாரிகள் கணக்கெடுக்க வந்த நாளில், நான் ஒரு வாத்தின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன். சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

வீட்டு ஆள் ஒருவர் வாசலில் நின்றால் போட்டோ எடுத்துக் கதவில் எண் எழுதுவார்கள். ஆள் இல்லையென்றால் ‘பூட்டிய வீடு’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அப்புறம் மாற்று வீடு கிடையாது. என் கணவர் வேலைக்குப் போயிருந்தார். நான்தான் நிற்க வேண்டும்.

நின்று நின்று அலுத்துப்போய், துணி உலர்த்தக் கரைக்கு இறங்கினேன். புல்லுக்குள்ளிருந்து ஒரு புள்ளிமூக்கு வாத்து வந்தது. வருஷம் முழுக்க இங்கேயே கிடக்கும் வாத்துதான். கறுத்த அலகின் நுனியில் மஞ்சள், அடியில் இரண்டு சிவப்புப் பொட்டு. ஆண் எது, பெண் எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தலையைத் தண்ணீருக்குள் விட்டு வாலைத் தூக்கி மேய்வதைத் தினமும் பார்ப்பேன். அன்று ஒரு இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு நொண்டியது. ஐயோ பாவம், நாய் கடித்துவிடுமே என்று பிடிக்கப் போனேன். கை நீட்ட நீட்ட இரண்டடி தள்ளிப் போனது. பாலத்தருகே வந்ததும் இரண்டு இறக்கையையும் விரித்துப் பறந்துவிட்டது. சனியன்! திரும்பிப் பார்த்தால், அதே புல்லிலிருந்து குஞ்சுகள் வரிசையாகத் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தன.

மேட்டில் எங்கள் வீட்டருகே அதிகாரிகள் நின்றார்கள். ஓடினேன்.

என் வாசலை மறித்துப் பக்கத்து வீட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள். லாரித் தண்ணீருக்குக் குடத்தை முந்தி வைத்த சண்டையில் நாங்கள் ஒரு வருஷமாகப் பேசுவதில்லை. தன் காலைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள்.

“காலு பூட்ச்சி சார்! கை குடு சார், எந்திரிக்க முடில!”

தூக்கப் போன அதிகாரியின் கையை விடவே இல்லை. என்னைக் கண்டதும், “இன்னாமே, எங்க பூட்ட? சார் எவ்ளோ நேரமா நிக்கிறாரு!” என்றாள். எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, விறுவிறுவென்று தன் வீட்டுக்குள் போனாள்.

அந்தப் போட்டோவில் நான் வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறேன்.

இருவருக்கும் ஊருக்கு வெளியே வீடு கிடைத்தது, வேறு வேறு பிளாக்கில். சாமான் ஏற்றிய அன்று அவள் வண்டி முதலில் கிளம்பியது. நன்றி சொல்லத்தான் போனேன். “குடத்த பத்திரமா வெச்சிக்கினியா?” என்றுதான் வாயில் வந்தது.

“வெச்சிக்கினேன். நீ அங்கயும் வாத்து பின்னாடி ஓடாத. நான் பக்கத்துல இருக்க மாட்டேன்” என்றாள்.

வண்டி திரும்பும்வரை பொறுத்திருந்து அழுதேன்.