நடுவில் உட்காருகிறவர்

ஹட்டனில் ஒரு மோட்டார் சைக்கிள் சர்வீஸ் நிலையத்தில் தொழில்நுட்பப் பிரிவில் வேலை செய்கிறேன். வண்டியைக் கொண்டுவந்து விடுகிறவர்களிடம் எண்ணெய், பிரேக், செயின் பற்றிக் கேட்டு முடித்த பிறகு இன்னொன்றும் கேட்பேன்: இந்த பைக்கை ஏன் எடுத்தீர்கள்? பேச்சை வளர்க்கக் கேட்பதில்லை. எதற்காக வாங்கினார் என்று தெரிந்தால் அந்த வண்டியில் எது முதலில் தேயும் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

பதில்களை மனதுக்குள் வகை பிரித்து வைத்திருக்கிறேன். கிடைத்ததை எடுத்தவர்கள்தான் அதிகம். வாகன இறக்குமதி நின்றிருந்த வருடங்களில் வேறு வழியும் இருக்கவில்லை. பின்னால் உட்காருகிறவருக்காக எடுத்தவர்கள் உண்டு. நோர்வூட்டிலிருந்து வரும் ஆசிரியர் ஒருவர், சேலை கட்டி ஒரு பக்கமாக உட்காரும் மனைவிக்காகவே அகலமான கால்தட்டு உள்ள வண்டியைத் தேடி அலைந்திருக்கிறார். சத்தத்துக்காக எடுத்த கினிகத்தேனை முதலாளி ஒருவர் இருக்கிறார். சர்வீஸுக்குப் பிறகு சத்தம் குறைந்திருந்தால் எங்களிடம் சண்டைக்கு வருவார். பதவிக்காக எடுத்தவர்களும் உண்டு. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மலை வேலைகளைப் பார்க்கும் கண்டாக்கையா ஒருமுறை மிகவும் நிதானமாக விளக்கினார்.

"தொர ஓட்டுறத நான் ஓட்டக் கூடாது. சின்னத்தொர ஓட்டுறதயும் ஓட்டக் கூடாது. அதுக்காகக் கணக்கப்புள்ள ஓட்டுறத நான் ஓட்ட முடியுமா? மிச்சம் இருந்தது இது ஒண்ணுதான் மிஸ்."

இந்த வகைகளில் எதிலும் அடங்காத ஒரு காரணம், தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் டிவிஷனில் மட்டும் உண்டு. அது சீட்டின் நீளம்.

மெயின் ரோட்டிலிருந்து எங்கள் வரிசை வீடுகளான லயங்களுக்கு வரும் பாதை தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறுகிறது. என்றோ பதித்த கற்களை மழை அரித்துவிட்டது. ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிடும். தோட்டத்து லொறி கொழுந்து ஏற்ற எங்காவது போயிருக்கும். அதனால் யாருக்காவது திடீரென்று முடியாமல் போனால் பைக்கில்தான் கொண்டுபோவார்கள். ஓட்டுகிறவர் முன்னால், நோயாளி நடுவில், சொந்தக்காரர் ஒருவர் பின்னால். பின்னால் இருப்பவர் இரண்டு கைகளாலும் நோயாளியைச் சுற்றி ஓட்டுகிறவரின் சட்டையைப் பிடித்துக்கொள்வார். மூவரையும் சேர்த்து ஒரு போர்வையால் கட்டிவிடுவார்கள். இதற்கு 'நடுவுல வச்சுப் போறது' என்று பெயர். பைக்கில் மூன்று பேர் போவது குற்றம்தான். சந்தியில் நிற்கும் பொலிஸ்காரர் நடுவில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டி அனுப்பிவிடுவார்.

ஆகவே லயத்தில் ஒருவர் பைக் வாங்கினால் அக்கம்பக்கத்தார் வந்து முதலில் பார்ப்பது சீட்டை. நிறத்தையும் என்ஜினையும் பிறகு பார்ப்பார்கள். சாண் போட்டு அளந்துவிட்டு, நடுவில் ஒரு தட்டுத் தட்டி, "ஆள் வைக்கலாம்" என்பார்கள். அதுதான் வாழ்த்து.

என் அண்ணன் முதலில் வைத்திருந்தது அப்படிப்பட்ட வண்டி. பழையது, சிறிய என்ஜின், பலகை போல நீண்ட சீட். இறம்பொடைப் பக்கம் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளிலும் லீவு நாட்களிலும் வீட்டில் இருப்பான். அவன் வீட்டில் இருந்தால் யாரும் வேறு பைக்கைத் தேட மாட்டார்கள். அவனுக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. ஆஸ்பத்திரி வாசலை நெருங்குவதற்குள் பிறந்துவிடப் பார்த்த ஒரு குழந்தையை இன்றைக்கும் 'நம்ம சீட்டுப் புள்ள' என்றுதான் சொல்வான்.

ஒரு லீவு நாள் காலையில் பக்கத்துக் காம்பரா வீட்டில் இருந்த அத்தைக்கு நெஞ்சு வலித்தது. சொந்த அத்தை இல்லை. பிறந்ததிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டோம். அத்தையை நடுவில் வைத்து, அவர் கணவரான மாமா பின்னால் ஏறிக்கொள்ள, அண்ணன் ஓட்டிக்கொண்டு போனான். ஆஸ்பத்திரி வாசலில் போர்வையை அவிழ்த்தபோது அத்தை இறங்கவில்லை. வழியிலேயே முடிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார்.

காரியம் முடிந்த கையோடு அண்ணன் அந்த வண்டியை விற்றான். அதன் பிறகு வாங்கிக்கொண்டு வந்தது ஒரு ஸ்போர்ட்ஸ் பைக். ஓட்டுகிறவரின் சீட் தனி, தாழ்வாக. அதற்குப் பின்னால் ஒரு கைக்குட்டை அளவுக்கு இன்னொரு சீட், வால் மாதிரி மேல்நோக்கித் தூக்கிக்கொண்டு.

அதைப் பார்க்க முன் தாழ்வாரமான இஸ்தோப்பில் ஆட்கள் கூடினார்கள். சாண் போட்டு அளக்க வந்த மேல் லயத்து அக்கா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"நோயாளிய எங்கடா வைக்கிறது? டேங்குக்கு மேலயா?"

"அவன் பொண்ணு பாக்கப் போறதுக்கு வாங்கியிருக்கான் போல," என்றார் இன்னொருவர்.

"பொண்ணுக்கும் எடமில்லயே. பொண்ணு பின்னால பஸ்ல வருமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். மாமா மட்டும் தன் வாசலில் நின்றபடி வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போனார்.

ஸ்டைலுக்காக எடுத்தவர்கள் என்ற வகையில் நானும் அண்ணனைச் சேர்த்துவிட்டேன். ஆனால் எனக்கு அதில் ஒரு கவலை இருந்தது. அம்மாவுக்கு இழுப்பு நோய் உண்டு. மழைக்காலத்தில் கொழுந்து எடுத்துவிட்டு நனைந்து வந்தால் மூச்சு விசில் அடிக்கும். வாயில் அடிக்கும் பம்புக்கு அடங்காத நாள் ஒன்று வரும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார். அந்த நாளில் அம்மாவை யார் கொண்டுபோவது?

சில மாதங்கள் கழித்து அண்ணன் அந்த பைக்கை எங்கள் சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டுவந்தான். ஸ்டாண்டில் ஏற்றியபோதுதான் கவனித்தேன். பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் இரண்டு மிதிகளும் இல்லை. உடைந்து விழுந்தவை அல்ல. போல்ட்டைக் கழற்றி, ஓட்டைக்குள் தண்ணீர் போகாமல் கிரீஸ் பூசி, ரப்பர் மூடி போட்டிருந்தது.

"மிதி எங்கண்ணே?"

"கழட்டிட்டேன்."

"ஏன்?"

"யாரும் ஏறக் கூடாது." செயினின் தொய்வை விரலால் தள்ளிப் பார்த்தான். "வீட்டுல வண்டி நிக்கும்போது வந்து கேட்டா என்னால மாட்டேன்னு சொல்ல முடியாது. ஏற முடியாத வண்டின்னா கேக்க மாட்டாங்க."

அத்தை விஷயத்தில் அவன் தவறு ஒன்றுமில்லை என்று நான் சொன்னேன். டாக்டர் சொன்னதையும் நினைவுபடுத்தினேன். அவன் தலையை ஆட்டினான்.

"அது இல்ல. முன்னால இருந்து ஓட்டுறவனுக்கு ஒண்ணும் தெரியாது. முதுகுல அத்த சாஞ்சிருந்தாங்க. தூங்குறாங்கன்னு நெனச்சேன். இன்னும் கொஞ்சம்தான் அத்தன்னு பேசிக்கிட்டே வந்தேன். யாருகிட்டப் பேசுனேன்னு இப்ப வரைக்கும் தெரியல."

"மாமா ஒண்ணும் சொல்லலயா?"

"அவருக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனக்கிறேன். கையில புடிச்சிருந்தாருல்ல. சொன்னா நான் வண்டிய நிப்பாட்டிருவேன்னு சொல்லாம வந்திருப்பாரு."

இதை அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவே இல்லை. நான் வேலை விவரம் எழுதும் ஜொப் காட்டில் பின் மிதி பற்றி எதுவும் எழுதவில்லை.

கிளினிக்கில் சொன்ன அந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வந்தது. விடாமல் மழை. அம்மா கட்டிலின் ஓரத்தில் இரண்டு கைகளையும் ஊன்றி உட்கார்ந்திருந்தார், பேச முடியவில்லை. பம்ப் இரண்டு தடவை அடித்தும் உதடு கருத்துக்கொண்டு வந்தது. மேல் லயத்து அக்காவின் கணவர் ஊரில் இல்லை. அவர்களுடைய நீள சீட் பைக் வீட்டில் நின்றது. அக்கா சாவியோடு ஓடி வந்தாள். நான் அதை வாங்கி அண்ணனிடம் நீட்டினேன். அவன் கையை நீட்டவில்லை.

"நீ ஓட்டு. நான் பின்னால ஏர்றேன்."

"நான் இந்தக் கல்லு ரோட்டுல ஆள் வச்சு ஓட்டுனதில்ல."

"தெனம் எத்தன வண்டிய ஓட்டிப் பாக்குற. ஓட்டு."

பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. அக்கா போர்வையால் எங்களைக் கட்டினாள். நான் முதல் கியரில் இறக்கினேன். நனைந்த கல்லில் முன் பிரேக்கைத் தொடக் கூடாது. கிளச்சைப் பிடிக்கக் கூடாது. என்ஜின் இழுத்துப் பிடிக்கட்டும் என்று விட்டுவிட வேண்டும். படித்தவை எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. அம்மாவின் நெற்றி என் முதுகில் முட்டிக்கொண்டிருந்தது. மழைச் சத்தத்தில் மூச்சு கேட்கவில்லை. அப்போதுதான் அண்ணன் சொன்னது எனக்குப் புரிந்தது. முன்னால் இருப்பவருக்கு ஒரு பாரம் மட்டும்தான் தெரிகிறது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணனாகவே என் காதுக்கு எட்டும்படி சொன்னான்.

"இருக்கு. போ."

ஒவ்வொரு வளைவுக்கும் சொன்னான். "மூச்சு இருக்கு. போ." மெயின் ரோட்டைப் பிடித்த பிறகும், டவுன் ஆஸ்பத்திரியின் கேட் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தான். அவன் குரல் நின்றுவிடுமோ என்ற பயத்தில்தான் நான் அந்த வழி முழுவதும் ஓட்டினேன்.

முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் அம்மாவால் பேச முடிந்தது.

"என்னாடி இவன், வழி முழுக்க இருக்கு இருக்குன்னு கத்திக்கிட்டு வாறான். நான் இருக்கேனான்னு எனக்கே சந்தேகம் வந்திருச்சு."

அண்ணன் சிரித்துவிட்டு வெளியே போய் வெகுநேரம் வரவில்லை.

அதன் பிறகு லயத்தில் ஆட்கள் என்னைப் பார்க்கும் விதம் மாறியது. பாப்பா ஓட்டுதாம், பாப்பாவுக்கு மெக்கானிக் வேலையும் தெரியுமாம் என்று பேசிக்கொண்டார்கள். அந்த நேரம் நானும் வண்டி வாங்க இருந்தேன். ஸ்கூட்டி வாங்குவதாக முடிவு செய்து, காரணங்களையும் யோசித்து வைத்திருந்தேன்: பாரம் குறைவு, மழைக்கோட்டு வைக்க இடம், பாவாடையோடும் ஓட்டலாம். ஆனால் ஸ்கூட்டியை எங்கள் இறக்கத்தில் என்ஜின் தாங்கிப் பிடிக்காது. மூன்று பேருடைய பாரத்தை பிரேக் மட்டும் தாங்க வேண்டும். அம்மாவுக்கு மறுபடியும் அப்படி வந்தால், ஒவ்வொரு தடவையும் அக்காவின் சாவியை நம்பியிருக்க முடியாது. நீள சீட் உள்ள வண்டி ஒன்றைப் பார்த்து வைத்துவிட்டு அண்ணனுக்கு போன் செய்தேன்.

"அம்மாவுக்குன்னு எடுக்குற. ஆனா அம்மாவோட நிக்காது," என்றான். "ஏறுறவங்க எல்லாம் எறங்குவாங்கன்னு நெனச்சுக்கிட்டு எடுக்காத."

எடுத்தேன். இஸ்தோப்பில் நிறுத்தியபோது சாண் போட்டு அளந்தார்கள். நடுவில் தட்டினார்கள்.

அண்ணன் சொன்னதற்குச் சாட்சியாக, ஒரு வேலை நாளின் காலையில், எல்லோரும் பெரட்டுக்குப் போய் வேலைக்குப் பேர் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், கீழ் லயத்துப் பெரியவர் ஒருவர் மயங்கி விழுந்துவிட்டார் என்று வந்து கூப்பிட்டார்கள். அவருடைய மகன்கள் கொழும்பில். அண்ணன் வேலையில். மாமா போர்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"நான் பின்னால ஏர்றேன் பாப்பா."

போனோம். முதல் வளைவைத் தாண்டினேன். பின்னாலிருந்து சத்தம் இல்லை. அடுத்த வளைவிலும் இல்லை. "மாமா" என்று கூப்பிட்டேன். "பாத்து ஓட்டு" என்றார், அவ்வளவுதான். பெரியவரின் தாடை என் தோளில் கிடந்தது. அது அசைவது வண்டியின் ஆட்டமா வேறு ஏதாவதா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. கேட்டில் நிறுத்திப் போர்வையை அவிழ்த்தபோது அவர் கண்ணைத் திறந்து தன் செருப்பைக் கேட்டார். நான் ஹாண்டிலை விடக் கொஞ்ச நேரமானது.

சாயந்தரம் அண்ணன் போன் செய்தான்.

"யாரு பின்னால ஏறுனா?"

"மாமா."

"பேசிக்கிட்டு வந்தாரா?"

"இல்ல."

"சொல்லு அவருகிட்ட. பின்னால இருக்கிறவங்க பேசிக்கிட்டே வரணும்னு சொல்லு. எல்லாருகிட்டயும் சொல்லு."

சரி என்றேன். மற்றவர்களிடம் சொல்லிவிட்டேன். மாமா தினமும் மாலையில் எங்கள் வாசலைக் கடந்து தண்ணீர் பிடிக்கப் போகிறார். கூப்பிட்டு உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுக்கிறேன். இதுவரை அவரிடம் மட்டும் சொல்ல முடியவில்லை.