கற்பூரவள்ளி இலையில் படிந்த கரி

கற்பூரவள்ளி இலை முதலில் கறுத்ததா, என் மகளுக்கு முதலில் மூச்சிரைத்ததா? இலைதான் முதலில் என்றால், கண்ணெதிரே இருந்த எச்சரிக்கையை நான் தவறவிட்டிருக்கிறேன். இன்றுவரை விடை தெரியவில்லை.

தொழிற்சாலைகள் சூழ்ந்த வடசென்னை எர்ணாவூரில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். மொட்டைமாடியில் பழைய பெயிண்ட் வாளிகளில் ஏழு செடிகள். மார்கழியில் துளசியின் நுனி கருகியது. தக்காளிப் பூக்கள் காய்க்காமல் உதிர்ந்தன. பனி என்று நினைத்தேன். இலையைத் தொட்டால் விரலில் கரி ஒட்டியது. அதனால் தினமும் விடிந்ததும் ஐந்து வயது யாழினியோடு மேலே போய், ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைத்தோம். நல்ல காற்று வாங்கட்டும் என்று நானேதான் அவளை அழைத்துப் போனேன்.

அவளுக்கு இருமல் வந்தது. அதே கற்பூரவள்ளியில் ஐந்து இலை பறித்து, கழுவி, வாட்டி, சாறு பிழிந்து கொடுத்தேன். மூன்று நாள் கொடுத்தேன். நான்காம் நாள் காலை, அவள் மூச்சிழுக்கும்போதெல்லாம் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்தது.

மருத்துவமனையில் நெபுலைசர் (மருந்தை ஆவியாக்கி மூச்சில் செலுத்தும் கருவி) வைத்தார்கள். வீசிங் (மூச்சுக்குழல் சுருங்கி விசில் போல் ஒலிப்பது) என்றார் மருத்துவர்.

"காலைல புள்ள எங்க இருப்பா?"

"மாடியில, டாக்டர். செடிகிட்ட."

"பனிக்காலத்துல புகை மேல ஏறாதும்மா. வெயில் வர்றவரைக்கும் உங்க மாடி உயரத்துலயே நிக்கும்."

"இலைச்சாறு குடுத்தேன். அதனாலயா?"

"அதனாலன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. ரெண்டு நாள் முன்னாடியே வந்திருக்கலாம்."

கன்டெய்னர் யார்டு (துறைமுகச் சரக்குப் பெட்டகக் கிடங்கு) வேலையிலிருந்து அப்படியே ஓடிவந்த என் கணவர் கேட்டார்: "இன்னாமே, செடிய தொடச்சிகினே இருந்த. புள்ள நெஞ்ச யாரு தொடைக்கிறது?" கேட்டுவிட்டு, மருந்து தீரும்வரை அவள் முகத்தில் நெபுலைசர் முகமூடியை அவரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான்கு நாளில் வீட்டுக்கு வந்தோம். இரண்டு செடிகள் காய்ந்திருந்தன. கற்பூரவள்ளி பிழைத்திருந்தது. இப்போது பத்து மணிக்குமேல் தனியாகப் போய் நீர் ஊற்றுகிறேன். மாலையில் ஓர் இலையை மட்டும் துடைத்து வைத்து, மறுநாள் விரலால் தடவிப் பார்க்கிறேன். விரல் கறுத்தால் அன்று முழுக்க ஜன்னல் திறப்பதில்லை. இது மருத்துவம் இல்லை என்று தெரியும். ஆனாலும் செய்கிறேன்.

கடிகாரத்தை இப்போது அவள் மூச்சை எண்ணத்தான் பார்க்கிறேன்.

இன்ஹேலர் (மருந்தை வாய்வழி உறிஞ்சும் சிறு குப்பி) எடுத்துக்கொண்டு நேற்று யாழினி கேட்டாள்: "என் செடியும் இருமுதாம்மா? அதுக்கும் ஒரு பஃப் குடேன். நான் மேல வரட்டா?"

நாளைக்கு என்றேன். பதினோரு நாளாக நாளைக்கு என்றுதான் சொல்கிறேன்.

இதே காற்றில் பிள்ளை வளர்ப்பவர்கள் யாராவது எழுதுங்கள். உங்கள் குழந்தையை மறுபடி எப்போது மாடிக்கு அழைத்துப் போனீர்கள்? எதைப் பார்த்து, இனிப் போகலாம் என்று முடிவு செய்தீர்கள்?